அந்த ஜெனரலைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க

சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. ஒரு சின்னக் கதை இருக்கு, சொல்லிடறேன்... கேளுங்க.

ஒரு நாடு. பேரு வேண்டாம். நம்மள ஆண்ட அதே வெள்ளைக்காரன் ஆண்ட நாடு. அதனால கோர்ட்டும் நம்ம கோர்ட் மாதிரிதான். வாசல்ல டவாலி நின்னு பேரை மூணு தடவை கூப்பிடுவார். வந்து நின்னாகணும்.

அங்கே பிராகோன்னு ஒரு ஜெனரல். பல வருஷம் ஆண்டார். ஒருவழியா தேர்தல் வெச்சார், அதிபர் நாற்காலியை விட்டார். தளபதி தொப்பியை விட்டாரா? விடலை. ராணுவச் சிறையை விட்டாரா? அதையும் விடலை. உள்ளே கிடந்தவர் ஒரு மின்வாரிய எஞ்சினியர். ஊரை இருட்டாக்கிட்டு மாளிகைக்கு மட்டும் கரண்ட் கொடுன்னதுக்கு முடியாதுன்னவர்.

அவர் மனைவி அபேனா ஆட்கொணர்வு மனு போட்டாங்க. பழைய நீதிபதிங்க அந்த மாதிரி மனுவைக் கையால தொட்டதில்லை. புதுசா வந்த நீதிபதியம்மா தொட்டாங்க. ஜெனரல் அந்த எஞ்சினியரைக் கூட்டிட்டு நேர்ல வரணும்னு உத்தரவு.

ஜெனரல் வந்தார்... ஆள் வரலை. அவரும் காரை விட்டு இறங்கலை. டவாலி பழக்கத்துல, "மேதகு ஜெனரல் அவர்கள்..."னு ஆரம்பிச்சார். நீதிபதி நிறுத்தினாங்க. ஜெனரலோட வக்கீல் எழுந்து, பட்டத்தோட கூப்பிட்டாத்தான் ஐயா இறங்குவார், ஆடு திருடினவனைக் கூப்பிடற மாதிரியா கூப்பிடறதுன்னார்.

நீதிபதி அபேனா பக்கம் திரும்பினாங்க. "உங்க வீட்டுக்காரரைப் பிடிக்க வந்தவங்க எப்படிம்மா கூப்பிட்டாங்க?"

"பேரே சொல்லலைங்கம்மா. 'ஏய், வெளியே வாடா'ன்னாங்க."

"டவாலி, பேரைச் சொல்லுங்க. அவருக்கு அந்த மரியாதை போதும்."

"பிராகோ..." வாய்க்குள்ளேயே சொன்னார். "பிராகோ..." இது வராண்டா வரைக்கும். மூணாவது தடவை... ரோடு வரைக்கும் கேட்டுச்சு. வாசல் சிப்பாய்ங்க அத்தனை பேரும் காரைத் திரும்பிப் பார்த்தாங்க. அந்தப் பார்வை தாங்காமத்தான் மனுஷன் இறங்கினார்.

கூண்டுல ஏறினார். ஒரே கேள்வி. "ஆள் எங்கே?" விசாரிச்சுச் சொல்றேன்னார்.

"விசாரிங்க. ஆள் வர்ற வரைக்கும் இங்கேயே நில்லுங்க."

சாயங்காலம் ஒரு ஜீப் வந்துச்சு. செருப்பில்லாம இறங்கினார் அந்த எஞ்சினியர்.

இப்ப உங்களைக் கேக்கறேன். அந்த ஆட்கொணர்வுச் சட்டம் புதுசா? ராணுவம் ஆண்ட அத்தனை வருஷமும் புத்தகத்துல சும்மா கிடந்துச்சு. ஓட்டு ஆட்சியை மாத்தும்... சிறைக் கதவு அதுவா திறந்துக்காது. திறன்னு சொல்ல ஒரு கோர்ட் வேணும். கோர்ட்டே பயந்துச்சுன்னா? வீட்டுக்குப் போயிடறதா? மனு தள்ளுபடியா... அடுத்த மனு. அதுவும் தள்ளுபடியா... இன்னொண்ணு. ஜெனரலுக்குப் பயந்த நீதிபதி நம்ம முகத்தைப் பார்க்க வெட்கப்படற வரைக்கும், அந்த வாசலை விட்டு நகர மாட்டோம்.