ஆறாம் பக்கத்தின் கடைசி வரி

உங்கள் அறிக்கை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, வக்கீல் அம்மா. பக்க எண்கள் சரியாக இருக்கின்றன, இணைப்புகள் வரிசையில் இருக்கின்றன, சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்று என் மேஜைக்கு வருவது அபூர்வம். ஒரே ஒரு சொல்லைத்தான் ஆட்சேபிக்கிறேன். பதினெட்டாம் பக்கத்தில் 'தகவல் பாதுகாப்பு அலுவலகத்தின் கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் இன்று நேரம் கேட்டு வந்தேன்.

என் பெயர் அராபா எசில்ஃபி. ஒன்பது வருடமாக இங்கே தகவல் பாதுகாப்புத் தலைவி. மாணவர்களின் மதிப்பெண், மருத்துவச் சீட்டு, ஆசிரியர்கள் மீது வரும் புகார் எல்லாம் என் பொறுப்பு. எதை யார் பார்க்கலாம், எதை எத்தனை வருடம் வைத்திருக்கலாம், எப்போது அழிக்கலாம், எதற்கும் என் கையெழுத்து வேண்டும். நான் வருவதற்கு முன்னால் இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட் வாசலில் வேர்க்கடலை விற்கிறவள் தேர்வுத் தாளில்தான் மடித்துக் கொடுப்பாள். துணைவேந்தருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அவர் டிரைவர் பந்தயம் கட்டுவான். இந்தக் கூத்தையெல்லாம் நிறுத்தியவள் நான். யாருக்கும் என்னைப் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்பதற்காக என்னை வேலைக்கு வைக்கவில்லை.

அப்படிப்பட்ட என்னை மூன்று நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று பரிந்துரை எழுதியிருக்கிறீர்கள். 'பெயர் மறைப்பு: அடிப்படைகள்.' தலைநகர் அக்ராவில் அந்த வகுப்பை எடுக்கிறவன் என்னிடம் தொழில் கற்றவன். அவன் முன்னால் நான் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமாம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெமிமா அபக்கா புவியியல் துறையில் மூன்றாம் ஆண்டு படித்தாள். அவளுடைய ஆசிரியர் டாக்டர் யாங்க்சன் மீது புகார் கொடுத்தாள். அறைக்குக் கூப்பிட்டார், கதவைச் சாத்தச் சொன்னார், மதிப்பெண் பற்றிப் பேசினார், பிறகு கையை வைத்தார். பதினொரு பக்கம் எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து. யாங்க்சனைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். புகார் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று அவரிடம் எழுதியும் வாங்கினார்கள்.

அவர் ஆண்கள் விடுதிக்குக் காப்பாளரும் கூட. அந்த விடுதியின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தங்களுக்கு ஆகாதவனைத் தோளில் தூக்கி, மேளம் அடித்து, பாட்டுப் பாடி, வளாகத்தைச் சுற்றிவந்து, விடுதி முற்றத்தில் இருக்கும் சிமென்ட் குளத்தில் போடுவார்கள். தடை செய்து நான்கு சுற்றறிக்கை வந்திருக்கிறது. நான்கும் என்னிடம் பைலில் இருக்கின்றன.

யாங்க்சன் அந்தப் பையன்களுக்கு அப்பா மாதிரி. அப்பாவை யார் மாட்டிவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். விடுதி மாணவர் தலைவன் தகவல் கேட்டு மனுப் போட்டான். எங்கள் காப்பாளர் மீதான புகாரின் நகல் வேண்டும் என்று சட்டப்படி, சரியான படிவத்தில், தேதி போட்டுக் கேட்டிருந்தான். பதினான்கு நாளில் கொடுக்க வேண்டும். பெயர்களைக் கறுப்படித்துக் கொடுக்கலாம் என்று பதிவாளர் உத்தரவு போட்டார். அதுவரை என் தவறு எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். அப்போது என் உதவியாளன் குவெக்கு பைடூவும் இருந்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க," என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் தப்பாகத்தான் பேசுவார்கள். "போன வருஷம் நர்ஸிங் அக்கா கேஸ்ல பேரை மட்டும் கறுப்படிச்சு விட்டுட்டீங்க. அவங்க ஊரும், அவங்க கால் ஊனமும் அப்படியே இருந்துச்சு. ரெண்டே நாள்ல யாருன்னு கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க."

"கேன்டீன்ல பேசுறதுக்கு நான் பொறுப்பில்ல."

"பேசுறதுக்கு இல்ல மேடம். கண்டுபிடிக்க விட்டதுக்கு நீங்கதானே பொறுப்பு."

பைடூ சிரித்தான். வாயைக் கையால் மூடிக்கொண்டான், ஆனால் சிரித்தான். ஒன்பது வருடத்தில் என் அறையில் என்னைப் பற்றி யாரும் சிரித்ததில்லை. என் காது சூடானது எனக்கு நினைவிருக்கிறது.

அவள் தன் புகாரின் நகலை மேஜையில் விரித்தாள். ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"ஜெமிமா, அபக்கா ரெண்டையும் கம்ப்யூட்டர் தேடிப் பிடிச்சு மறைச்சிரும் மேடம். இந்தப் பேரு ரிஜிஸ்டர்ல கிடையாது. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீங்கதான் கையால மறைக்கணும். ஆறாம் பக்கம், கடைசி வரி."

அந்த வரி யாங்க்சன் சொன்னதாக அவள் எழுதியது: 'கதவைச் சாத்து, தாவியா. வீட்டுல உன்னை அப்படித்தானே கூப்பிடுவாங்க.'

உங்கள் குழுவில் இருக்கும் வெள்ளைக்கார ஐயா முதல் நாள் விசாரணையில் தாவியா என்பது ஊரா என்று கேட்டார். அவருக்காகச் சொல்கிறேன். இரட்டைப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிறந்த பிள்ளை தாவியா. இந்தக் கடற்கரையில் ஒருவருக்கு ஒரு பெயர் போதாது. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, பிறந்த கிழமைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ரிஜிஸ்டரில் ஏறுவது பள்ளிக்கூடப் பெயர். மனிதர்கள் கூப்பிடுவது மற்றவற்றை. அவளைத் துறையில் உடன் படிக்கிறவர்களும் தாவியா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தத் துறையில் அந்தப் பெயருக்கு அவள் ஒருத்திதான்.

"தெரிஞ்சா என்ன ஆயிடும்னு பயப்படுற?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. அவள் வாயால் வர வேண்டும் என்று கேட்டேன்.

"தூக்கிருவாங்க மேடம். எனக்கு நீச்சல் தெரியாது."

"அந்தத் தண்ணி இடுப்பளவுதான்."

"தலைகீழாப் போட்டா இடுப்பளவே ஜாஸ்தி மேடம்."

பைடூ மறுபடியும் சிரிக்கப் பார்த்தான். நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நான் அவளிடம், "பாத்துக்கறேன், போ," என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "உங்களை நம்பித்தான் மேடம் இருக்கேன்," என்றாள். கை ஈரமாக இருந்தது. அவள் போன பிறகு கையைத் துடைத்தேன்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஒருவனுடைய வேலையைக் கெடுக்கும் புகாரைக் கொடுக்க வேண்டும், ஆனால் தன் மீது ஒரு தூசி படக் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. சரி, அதுவும் சட்டப்படி அவளுக்கு உள்ள உரிமை, கொடுத்திருப்பேன். கேட்ட விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பெயரை மறைப்பது எப்படி என்று இருபத்தொரு வயதுப் பெண் எனக்குப் பாடம் எடுத்தாள், என் உதவியாளன் முன்னால், என் நாற்காலிக்கு எதிரில் நின்றுகொண்டு. அலுவலகத்தை நம்ப வேண்டும். நம்பாதவர்களுக்கு அலுவலகம் தன் கடமையை மட்டும் செய்யும், அதற்கு மேல் செய்யாது. அதைத்தான் நான் செய்தேன்.

பதின்மூன்றாம் நாள், வியாழக்கிழமை, பைடூ கறுப்படித்த நகலைக் கொண்டுவந்தான். முப்பத்தெட்டு இடத்தில் மறைத்திருந்தான். வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"மேடம், ஆறாம் பக்கத்துல அந்தப் பொண்ணு சொன்னது இன்னும் நிக்குது. கையால அடிச்சிரட்டுமா?"

"அது பேர் இல்ல பைடூ. பிறந்த வரிசை. வரிசையைத் தனிப்பட்ட தகவல்னு எந்தச் சட்டமும் சொல்லல."

"எங்க வீட்லயும் ஒரு தாவியா இருக்கா மேடம். வாசல்ல நின்னு கூப்பிட்டா அவதான் திரும்பிப் பாப்பா, வேற யாரும் பாக்க மாட்டாங்க."

"உங்க வீட்டுக் கதையை வீட்ல வெச்சுக்கோ. தேவைக்கு மேல மறைச்சா அதுவும் குத்தம்தான். பைலை வெச்சிட்டுப் போ."

அவன் வைத்துவிட்டுப் போனான். நான் ஆறாம் பக்கத்தைத் திருப்பிக் கடைசி வரியைப் படித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எளிது, அம்மா. ஒரு பருக்கையை எங்கே விடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் ஒன்பது வருட அனுபவம் வேண்டும். கையெழுத்துப் போட்டேன். மூன்று மணிக்கு விடுதித் தலைவன் வந்து வாங்கிக்கொண்டான். மரியாதையான பையன். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

மறுநாள் மதியம் நான் மேஜையில் கெங்கி உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏசி போட்டிருந்ததால் ஜன்னல் சாத்தியிருந்தது. அப்படியும் மேளம் கேட்டது. எழுந்து பார்த்தேன். அறுபது எழுபது பேர், எல்லோரும் சிவப்புச் சட்டை. நடுவில் தோளுக்கு மேலே அவள். ஒரு காலில் செருப்பு இல்லை. என் கட்டடத்தைத் தாண்டும்போது தலையைத் திருப்பி என் ஜன்னலைப் பார்த்தாள். வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

மணி இரண்டு பத்து. அங்கிருந்து குளத்துக்கு அந்த வேகத்தில் எட்டு நிமிடம் ஆகும். செக்யூரிட்டிக்கு உள் எண் நான்கு இலக்கம், எனக்கு மனப்பாடம். அவர்கள் அறை குளத்துக்கு அடுத்த கட்டடம். நான் போனை எடுக்கவில்லை. எடுத்தால் பதிவாகும். அவள் பெயர் பையன்களுக்குத் தெரிந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும், எதற்காக இவ்வளவு பதறினீர்கள் என்று யாராவது கேட்பார்கள். பதறுவதற்கு எனக்குக் காரணம் இருக்கக் கூடாது. உட்கார்ந்து மீனை முடித்தேன். கை கழுவினேன். ரிஜிஸ்டரில் முந்தின நாள் வெளியே போன நகலைப் பதிவு செய்தேன்.

அவள் மூழ்கிச் சாகவில்லை. தண்ணீர் குறைவாக இருந்தது, துப்புரவுக்காகக் காலையில் பாதி இறைத்திருந்தார்கள். சிமென்ட் விளிம்பில் பின்மண்டை பட்டது. மருத்துவச் சீட்டு என் அலுவலகத்துக்குத்தான் வந்தது. மூன்று நாள் கண் திறக்கவில்லை, நான்காம் நாள் இறந்துவிட்டாள். பையன்கள் அழுதார்களாம். விளையாட்டுக்குத்தான் செய்தோம் என்றார்களாம். யாங்க்சன் பெரிய மலர் வளையமாகக் கொண்டுவந்தார். புகார் கொடுத்தவர் இல்லாததால் வழக்கு முடிந்துவிட்டது. அடுத்த பருவத்திலிருந்து அவர் பாடம் எடுக்கிறார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பைடூ உங்களிடம் உண்மையைத்தான் சொன்னான். அந்தச் சொல்லைத் தான் காட்டியதாகவும் நான் விடச் சொன்னதாகவும் சொன்னான். என்னைக் கேட்டீர்கள். நினைவில்லை என்றேன். நீங்கள் அவனுடைய வாக்குக்கு ஆதாரம் இல்லை என்று எழுதி, அவனை வேலையை விட்டு அனுப்பினீர்கள். எனக்குப் பயிற்சி வகுப்பு. அவன் மனைவி ஒரு நாள் என் வாசலுக்கு வந்து, "உங்க பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு நாள் வரும்," என்று சாபம் விட்டுப் போனாள். வரட்டும் என்று கதவைச் சாத்தினேன்.

அவனைத் திரும்ப வேலைக்கு எடுங்கள். அவன் ஒழுங்கானவன், கொஞ்சம் சிரிப்பான், அவ்வளவுதான். கவனக்குறைவு என்ற சொல்லை எடுங்கள். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். அது யாரைக் காட்டும் என்று தெரியும். காட்டினால் என்ன செய்வார்கள் என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். தெரிந்துதான் விட்டேன். ஜன்னலில் நின்று பார்த்ததும் தெரிந்துதான். இதில் எங்கே கவனம் குறைந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த வாக்குமூலத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பீர்கள், வைக்கத்தான் வேண்டும், சட்டம் அப்படி. வைப்பதற்கு முன்னால் என் பெயரைக் கறுப்படித்துவிடுங்கள். பதவியையும் சேர்த்து அடியுங்கள், இந்தப் பதவியில் இருப்பது நான் ஒருத்திதான். என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவள். என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் ஒரு பெண்ணின் பெயர் வெளியே போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, வக்கீல் அம்மா.