இந்த வீட்டுல ஒரே ஓட்டு

அட, கருத்து கேக்க வந்தவரா நீங்க? கழுத்துல அட்டையப் பாத்ததும் கவர்மெண்ட் ஆளுன்னு பயந்துட்டேன் தம்பி. உள்ள வாங்க, கிரிம்ஸ்பி காத்துல நின்னா காது விறைச்சுப் போயிரும். கதவைச் சாத்திருங்க. தாழ்ப்பாளும் போட்டுருங்க.

பேரு பிர்த்தே. இல்ல இல்ல, பேரு எழுதாதீங்க. பொறந்தது டென்மார்க்ல. பதினெட்டு வயசுல இங்கிலாந்துக்கு, இந்தத் துறைமுக ஊருக்கு மீன் வெட்ட வந்தேன். துறைமுகத்துல பெட்டி தூக்கிட்டிருந்த வில்ஃபைக் கட்டிக்கிட்டு இங்கயே தங்கிட்டேன்.

ஐரோப்பாவ விட்டு வெளிய போலாமான்னு ஓட்டெடுப்பு வந்தப்ப, நான் இன்னும் டென்மார்க் பிரஜைதானே, எனக்கு ஓட்டு கெடையாது. வீட்டுல ஒரே ஓட்டு, அது அவரோடது. போலாம்னு போட்டாரு. ஏனா? மீன் தம்பி, மீன்! நம்ம கடல்ல டென்மார்க்காரன் வந்து அள்ளிட்டுப் போறானாம். அப்ப உன் அடுப்படில நிக்கிறவ யாருய்யான்னேன். நீ வேறடின்னாரு. சொல்லிட்டு, நான் வறுத்த ஹேடாக் மீனத்தான் உக்காந்து தின்னாரு.

கவர்மெண்ட் நல்லதுக்குத்தான் செஞ்சுதா? என்னக் கேட்டா, அவங்களுக்கு மீன் மேலயும் அக்கறை இல்ல, மீன்காரன் மேலயும் இல்ல, நாற்காலி மேலதான். இதச் சொன்னா வில்ஃபுக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துரும். காலைல டீயோட ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் சண்டை.

அடுத்தது ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டா? அதுலேருந்தும் வெளிய வரணுமான்னா கேக்குறீங்க? போன வாரம் சர்ச் ஹால்ல இதே விவாதந்தான். நான் எந்திரிச்சு, வேலியே பயிர மேஞ்சா யாருகிட்டப் போய்ச் சொல்றதுன்னு கேட்டேன். என் பேச்சு ஒரு மாதிரி இழுக்கும்ல, பின்னாலேருந்து ஒருத்தன், ஒன் ஊர்ல போய்க் கேளுன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. வில்ஃப் எந்திரிச்சாரு பாருங்க! டேய், அவ ஊரு இதுதான்டான்னு ஒரே கத்து. எனக்கு அழுகையே வந்துருச்சு.

வீட்டுக்கு வந்ததும் அவரே போய்த் தாழ்ப்பாளப் போட்டாரு. அவருக்கும் அன்னைக்குத்தான் பயம் புடிச்சுது.

எனக்குப் பேப்பர் இல்ல தம்பி. எங்க காலத்துல பாஸ்போர்ட்ல ஒரு முத்திரை குத்துவாங்க, எப்பவும் இருக்கலாம்னு. புதுசு வாங்குறப்ப பழசத் திருப்பிக் குடுத்துட்டேன், முத்திரையும் அதோட போச்சு. அப்பறம் ஐரோப்பாவ விட்டு வெளிய வந்ததும், என்ன மாதிரி வந்தவங்க எல்லாரும் இங்க இருக்க மனு போடணும்னாங்க. இந்த ஊரு மருமக எதுக்கு மனு போடணும், பேசாம இருடின்னாரு. நானும் இருந்துட்டேன். கெடு தாண்டிருச்சு. இப்ப யாரு கதவத் தட்டுனாலும் ஜன்னல் திரைய வெலக்கிப் பாத்துட்டுத்தான் தெறக்குறேன்.

என்னது, அவரு கருத்தும் வேணுமா? மாடிலதான் இருக்காரு. ஏறாதீங்க தம்பி, உக்காருங்க.

காலைல டீ கொண்டுட்டுப் போனேன். எந்திரிக்கல. கையத் தொட்டேன், சில்லுனு இருந்துச்சு. போர்வைய நல்லா இழுத்து விட்டுட்டுக் கீழ வந்து உக்காந்துட்டேன். டாக்டருக்குப் போன் பண்ணா, நீ யாரு, எந்த நாடு, பேப்பர் எங்கன்னு கேப்பாங்கல்ல?

நீங்க இந்த ஊர்க்காரரு, பேச்சுலயே தெரியுது. அந்தப் போனை எடுத்து நீங்க சொல்லிருங்களேன். அவரத் தவிர வீட்டுல வேற யாரும் இல்லன்னு சொல்லுங்க.