துண்டுக்குள் ஐந்து விரல்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ராத்திரியில் வருவதெல்லாம் கொசு. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்… கரண்டு வருகிற வரைக்கும் நமக்கும் வேறு வேலை இல்லை.

மத்தியானம் பன்னிரண்டு ஐம்பது. உச்சி உருமம். உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகிற சாலை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் உருகுகிற தார். காக்காய்கூட இல்லை. ஒரே ஒரு ஸ்கூட்டர். முன்னால் கால் வைக்கிற இடத்தில் சி.பி.யு.வும் பேட்டரிப் பெட்டி யு.பி.எஸ்.ஸும், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மானிட்டர். ஓட்டிப் போனவன் பரீத். இதோ உட்கார்ந்திருக்கிறானே சாஜித், இவனுடைய அக்கா ரூபினாவின் வீட்டுக்காரன். பொய்யென்று தோன்றினால் இவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரீத்துக்குச் சிம்மக்கல்லில் பழைய கம்ப்யூட்டர் கடை. பேரத்தில் புலி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆறு அடி என்றால் மூன்றில் முடித்துக்கொண்டு வருவான். அவன் அத்தா சேக் இஸ்மாயில் தோல் வியாபாரி. சின்ன வயதில் மகனை உசிலம்பட்டிச் சந்தைக்குக் கூட்டிப்போய்த் துண்டுப் பேரம் பழக்கியிருந்தார். வாங்குகிறவன் கையும் தரகன் கையும் ஒரே துண்டுக்குள்ளே இருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து… முடிந்தது. சுற்றி நிற்கிற ஒருவனுக்கும் விலை தெரியாது.

"யாரு எம்புட்டுச் சொன்னாலும் பாதியில ஆரம்பிடா." அத்தா சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மற்றப் பாடமெல்லாம் மறந்தான். இது மட்டும் கையிலேயே தங்கிவிட்டது.

சாலையை விட்டு அரைக் கிலோமீட்டர் உள்ளே ஒற்றை வீடு. வீட்டுக்காரம்மா பெயர் மலையம்மாள். அறுபது வயசு. புருஷன் பேயாண்டி, பேர்போன மாட்டுத் தரகர், செத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. கூட இருப்பது பேத்தி முனீஸ்வரி மட்டும். அப்பனும் ஆத்தாளும் இல்லாத பிள்ளை, எட்டாவது படிக்கிறது. அதன் படிப்புக்குத்தான் கம்ப்யூட்டர்.

பரீத் மேஜையில் எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும் மலையம்மாள் ஒரு பென் டிரைவைக் கொடுத்தாள்.

"தம்பி, இதுல அவரு படம் முப்பது இருக்கு. சந்தையில யாரோ வெளியூருக்காரரு எடுத்துக் குடுத்தது. புள்ள பள்ளிக்கூடம் போன பெறகு பொட்டி சும்மாதான கெடக்கும்? அப்ப அவரு மொகம் ஓடணும். முடியுமா?"

"அதுக்குப் பேரு ஸ்கிரீன் சேவரும்மா. யாரும் தொடாம விட்டா தானா ஓடும். தொட்டா நின்னுரும்."

"அவரு அப்பிடித்தான். யாராச்சும் தொட்டாக் கோவம் வந்துரும்." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "போறப்ப என்னா சொன்னாருன்னு தெரியுமா? ஒன்னைய விட்டுட்டு நான் இருக்க மாட்டேன், வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. நான் விடுவனா? புள்ள பன்னெண்டாவது முடிக்கட்டும், அஞ்சு வருசம் பொறுங்கன்னேன். என்னைய விட்டா அதுக்கு யாரு இருக்கா? பேசிக்கிருவோம்னாரு. அம்புட்டுத்தான். கண்ண மூடிட்டாரு."

"செத்தும் பேரமாம்மா?"

"பெறகு? தரகருல்ல!"

அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொல்லைப்பக்கம் போனாள். பரீத் மேஜைமேல் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். பேயாண்டியின் துண்டு. அவள்தான் தூசிக்குப் போட்டு வைத்திருந்தாள்.

இரண்டு நிமிஷ வேலை. படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டான். ஸ்கிரீன் சேவரில் போட்டோ ஓடுகிற வகையைத் தேர்ந்தெடுத்தான். எத்தனை நிமிஷம் சும்மா இருந்தால் ஓட வேண்டும் என்று கேட்கிற கட்டத்தில் ஒன்று என்று அடித்தான். கையைக் கட்டிக்கொண்டான்.

ஒரு நிமிஷம்… ஒன்றும் வரவில்லை.

இரண்டு. மூன்று. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.

கட்டத்தைத் திறந்து பார்த்தான். ஒன்று என்றுதான் இருந்தது. மறுபடியும் ஓகே கொடுத்துவிட்டு அம்புக்குறியையே பார்த்தான். அப்போதுதான் தெரிந்தது. அது ஒரு நூல் அளவு இடது பக்கம் போனது… நின்றது… ஒரு நூல் வலது பக்கம் வந்தது.

மவுஸ் கோளாறு. பளபளப்பான மேஜையில் சில மவுஸ் அப்படி ஆடும். இது பரீத் மாதத்துக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிற விளக்கம். மவுஸின் ஒயரைப் பிடுங்கினான்.

அம்புக்குறி ஒரு நூல் இடது பக்கம் போனது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. ஃபேன் நின்றது. யு.பி.எஸ். 'பீப்… பீப்…' என்று கத்த ஆரம்பித்தது. பரீத் மேஜைக்கடியில் குனிந்து அதன் ஒயரைச் சரிபார்த்தான். நிமிர்ந்தபோது நாற்காலியில் போட்ட துண்டு நாற்காலியில் இல்லை. மவுஸின் மேல் கிடந்தது. மவுஸ் எவ்வளவு உயரம்? இரண்டு விரற்கடை. துண்டு அதைவிட உயரமாகப் புடைத்திருந்தது.

நனைந்த தும்புக்கயிறும் சுருட்டும் கலந்த வாசனை. கொல்லையில் மலையம்மாள் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. அப்படியென்றால் துண்டைப் போட்டது அவள் இல்லை.

ஓடியிருக்க வேண்டும். வியாபாரி வீட்டுப் பிள்ளை, சாமானை விட்டுவிட்டு ஓடுவானா? மவுஸை எடுக்கலாம் என்று துண்டுக்குள் கையை விட்டான்.

உள்ளே ஒரு கை இருந்தது.

காய்ப்புக் காய்த்த, சில்லென்ற கை. அவன் ஐந்து விரலையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் கத்தியிருப்பீர்கள். பரீத்தின் மூளையும் கத்தத்தான் வாயைத் திறந்தது. அதற்குள் கை முந்திக்கொண்டது. இருபது வருஷப் பழக்கம்… சொன்னதில் பாதி. அவன் விரல்கள் இரண்டு என்றன. அந்தக் கை ஒரு கணம் அசையவில்லை. நான்கு என்றது. இவன் மூன்று என்றான். உள்ளங்கையில் ஒரு கட்டைவிரல் ஆழமாக அழுந்தியது.

முடிந்தது.

கையை உருவிக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். திரையில் அந்தக் கட்டம் தானாகத் திறந்தது. ஒன்று அடித்த இடத்தில் மூன்று. பிறகு படங்கள் ஓட ஆரம்பித்தன. பேயாண்டி காளையோடு, பேயாண்டி டீக்கடையில், பேயாண்டி துண்டுக்குள் கையை விட்டபடி. எந்தப் படத்திலும் அவர் மாட்டைப் பார்க்கவில்லை. நேராக இவனைப் பார்த்தார்.

மலையம்மாள் உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், மவுஸ்மேல் புடைத்துக் கிடந்த துண்டையும் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"வந்துட்டாரே!" என்றாள். பிறகு மெதுவாக, "அஞ்சுதானே தம்பி சொன்னாரு?"

ஐந்துதான் சொன்னார். கேட்டதைக் கேட்டபடி கொடுக்க வந்த மனுஷன். இரண்டைக் குறைத்தது யார்? மூன்று வருஷம் என்றால் அந்தப் பிள்ளை பதினொன்றாவது. பன்னிரண்டாவதுக்கு முன்னால் நடுத்தெருவில் நிற்கும்.

"தண்ணி குடுங்கம்மா" என்றான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஸ்கூட்டர் சாவி சட்டைப்பையில் இருந்தது. வாசல் திறந்திருந்தது. தார்ச்சாலை தெரிந்தது. துண்டுக்குள் முடிந்ததைத் துண்டுக்கு வெளியே மாற்ற முடியாது, அதுவும் அத்தா சொன்னதுதான். சாவியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மேஜைக்குத் திரும்பி வந்து, பிஸ்மில்லா சொல்லிக் கையை உள்ளே விட்டான்.

இடது கையால் கீபோர்டைத் தட்டினான், தட்டினால் படம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பேயாண்டி மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கையின் ஐந்து விரலையும் இவன் பிடித்தான். அது கல்லாகக் கிடந்தது. மறுபடியும் ஐந்து. கல். எந்தத் தரகன் சும்மா கொடுப்பான்? யு.பி.எஸ். நெருக்கி நெருக்கிக் கத்தியது. பரீத் மகள் ஜஸீலாவை நினைத்துக்கொண்டான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். வாழ்நாளில் முதல் தடவையாகக் குறைக்காமல், தன் ஆயுசிலிருந்து இரண்டு வருஷம் என்று ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் தானே நீட்டினான்.

சில்லென்ற பிடி இரண்டையும் வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் அழுந்தப் போகிறது என்று காத்திருந்தான். அழுந்தவில்லை. அந்தக் கை நிதானமாகத் தடவிக்கொண்டே போய், அவன் சுண்டுவிரலையும் மடக்கி எடுத்துக்கொண்டது.

தரகு.

அதற்குப் பிறகுதான் அழுத்தம்.

துண்டு அப்படியே அமுங்கியது. படம் நின்றது. கட்டத்தில் ஐந்து. யு.பி.எஸ். ஒரு நீளக் கத்து கத்தி அணைந்தது. மலையம்மாள் செம்போடு வந்து, "என்னா தம்பி, இம்புட்டு வேர்வை?" என்றாள். பரீத் தண்ணியை இடது கையால் வாங்கிக் குடித்தான். மானிட்டரை ஏற்றிக்கொண்டு போன ஆள் வெறுங்கையோடு சிம்மக்கல் வந்து சேரும்போது சாயங்காலம். கொடுத்த சாமானுக்கு ஒரு பைசா வாங்கவில்லை. அதற்கே பாதிச் சிம்மக்கல் பயந்துபோனது.

இது நடந்து மூன்று வருஷம் கழிந்துவிட்டது. மூன்று முடிகிற அன்றைக்கு விடியற்காலையில் பரீத் அந்த வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது… எடுத்தது மலையம்மாள்தான்.

"நல்லா இருக்கேன் தம்பி. புள்ள பதினொன்னாவது. நீ நல்லா இருக்கியா?"

போனை வைத்துவிட்டான்.

நன்றாகத்தான் இருக்கிறான். கடைக்கு வருகிறான், சாப்பிடுகிறான், பேரம்கூடப் பேசுகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்புமுன் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டுவான், பக்கத்தில் நின்று ரூபினா பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏழு விரலுக்குத்தான் வெட்டுகிறான். மற்ற மூன்றிலும் அன்றைக்குப் பிறகு நகம் வளரவில்லை.