உப்பு மினுங்கும் அறை

— அப்புறம் கடல் என்ன பண்ணுச்சு, பெரிசாத்?

— படியேறி வந்துச்சுடி, உல்போசின். செருப்பை வாசல்ல கழட்டி வெச்சுட்டு வர்ற விருந்தாளி மாதிரி, அவ்வளவு மெதுவா. கட்டில் பக்கம் வந்து நின்னுச்சு. நான் படுத்தபடியே கையை விட்டு அள்ளிக் குடிச்சேன். என்ன ருசி தெரியுமா!

— நம்ம ரெண்டு பேரும் பொறக்குறதுக்கு முன்னாடியே இந்த ஊரை விட்டுப் போயிருச்சு ஆரல் கடல். பாக்காத ஒண்ணை எப்படிடி கனவு காண்றே?

— சொல்றதைக் கேளேன். அது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு.

— கூப்பிட்டது கடல் இல்லை, மக்னீசியம். உன் கையில சொட்டு சொட்டா ஏறுதே, அது. எப்படின்னா, இறுகிக் கிடக்கிற ரத்தக் குழாயை அது கொஞ்சம் தளர்த்தி விடும். குழாய் தளர்ந்தா உடம்பு கதகதன்னு இருக்கும், கண்ணு சொருகும், கடல் படியேறி வரும்.

— உங்கிட்ட ஒரு கனவைச் சொல்லிற முடியுதா! உடனே குழாயைக் கொண்டு வந்துருவே. பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். நாங்க நிலாவைப் பாத்தா நீ நிழல் எப்படி விழுதுன்னு படம் போடுவே.

— அந்தப் படத்தைப் பாத்து எழுதித்தான் நீ பாஸானே. கையை நீட்டு. அளக்கிறப்பப் பேசாதே.

— எவ்வளவு?

— பேசாதேன்னேன்.

— உன் மூஞ்சியே சொல்லுது. பிரஷர் ஏறியிருக்கு.

— நூத்தி அறுபத்தெட்டு. நேத்து நூத்தி அறுபது. வந்த அன்னைக்கு நூத்தி ஐம்பத்திரெண்டு.

— நுகுஸ் பெரியாஸ்பத்திரி டாக்டர் என்ன சொல்றார்?

— இந்த உப்புப் புயல் நின்னு ரோடு கண்ணுக்குத் தெரிஞ்சதும் வண்டி வரும். அங்க போய்ச் சேர்ந்த பிறகும் இறங்கலைன்னா, ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை வெளிய எடுத்துருவாங்க.

— ஏழாம் மாசமே இன்னும் முடியலையேடி.

— தெரியும்.

— ரெண்டு போயிருச்சு. இது மூணாவது. இதுக்குப் பேர்கூட வெக்காம வெச்சிருக்கேன், கண்ணு பட்டுரும்னு.

— அழாதே. அழுதா அதுக்கும் ஏறும். இன்னும் மூணு வாரம் உள்ளயே இருந்தாப் போதும், நுரையீரல் கொஞ்சம் தேறிரும். அந்த மூணு வாரத்துக்குத்தான் நான் வீட்டுக்குப் போகாம இங்கயே கிடக்கிறேன். என் தலை வெடிக்குது. உப்பில்லாத கஞ்சி குடுக்கிறேன், வடிகட்டி மெஷின் தண்ணி குடுக்கிறேன், எந்திரிக்க விடலை. எல்லாம் சரியா இருந்தும் ஏன் ஏறுது? முத நாள் கண்ணுல என்னமோ பறக்குதுன்னியே, இப்ப இருக்கா?

— மீன் செதில் மாதிரி பளபளன்னு பறந்துச்சே, அதுவா? இல்லை. அன்னைக்கு ராத்திரியே போயிருச்சு. அழகா இருந்துச்சு, பாவம்.

— அழகாம்! திரும்ப வந்தா அடுத்த நொடி எங்கிட்ட சொல்லணும். எப்படின்னா, மூளைக்குப் பின்னால போற குழாய் இறுகினாத்தான் கண்ணு அப்படிப் பொய் சொல்லும். அதுக்கு அடுத்தது வலிப்பு.

— உன்னை இங்க போட்டது ஆறுதல் சொல்லவா, பயமுறுத்தவா?

— ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தான். இரு, ஜன்னல் துணி காஞ்சிருச்சு, நனைச்சு மாட்டிட்டு வர்றேன். ஓரத்தைப் பாத்தியா? காலையில சுத்தமான தண்ணியில நனைச்சது, இப்ப விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு.

— பட்டுத் துணிக்கு ஜரிகை வெச்ச மாதிரி இருக்கு.

— அந்த ஜரிகைதான் உன் நெஞ்சுக்குள்ள போகுது. காத்துல வர்ற பெரிய துகள் வாசல்லயே விழுந்துரும். நடுவால உள்ளது மூக்குல நிக்கும். ரொம்பப் பொடியா இருக்கே, அது விழவே விழாது. மிதக்கும். ஜன்னல் இடுக்குல நுழைஞ்சு, துணியைத் தாண்டி, அதோ பாரு, மூலையில எப்படி மினுங்குதுன்னு.

— எங்க?

— அலமாரிக்கு மேல. இப்ப கட்டில் பக்கம் வந்துருச்சு பாரு.

— எனக்குத் தூக்கக் கலக்கமா இருக்கு. நீ சொல்லு, கேட்டுக்கிட்டே தூங்குறேன்.

— வெறும் உப்புன்னாக்கூடப் பரவாயில்லை. அந்தக் காலத்துல பருத்திக் காட்டுல அடிச்ச மருந்தெல்லாம் ஆத்தோட வந்து கடலுக்கு அடியில படிஞ்சுச்சு. ஆத்துத் தண்ணியையும் அதே பருத்திக்குத் திருப்பி விட்டாங்க. கடல் போச்சு, அடி தெரிஞ்சுச்சு. இப்பக் காத்து அதைச் சுரண்டி எடுத்து நம்ம கிண்ணத்துல போடுது. இங்க மட்டும் இல்லை, எங்கேயோ மலை மேல இருக்கிற பனியிலகூடப் போய் விழுதாம். பயிற்சிக்குப் போனப்ப இன்னொண்ணும் சொன்னாங்க. வங்காளக் கரைன்னு ஒரு இடம். அங்க கடல் உசந்து ஊருக்குள்ள வருதாம். கிணறெல்லாம் கரிச்சுப் போய், அங்க உள்ள புள்ளத்தாச்சிகளுக்கும் உன்னை மாதிரியே பிரஷர்.

— அங்க கடல் உள்ள வருது. இங்க கடல் வெளிய போச்சு.

— ஆமா.

— எப்படிப் போனாலும் உப்பை மட்டும் நம்ம கிட்டக் குடுத்துட்டுப் போகுது. ஏன்டி, என் வயித்துக்குள்ள இருக்கே தண்ணி, அது எப்படி இருக்கும்?

— அதுவும் லேசா உப்புக் கரிக்கும்.

— அப்ப நான் கடலைப் பாக்கலைன்னு சொல்லாதே. என் புள்ளை இப்ப நீந்திக்கிட்டிருக்கு.

— அந்தக் கடல் வத்தாமப் பாத்துக்கத்தான் நான் இருக்கேன். யாரது கதவுல? ஐயோ, உன் புருஷன்டி, ஒத்தெனியாஸ் மச்சான்! மாவு மில்லுல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கீங்க!

— கதவை மூடு, நர்ஸம்மா, பின்னாலயே புயல் வருது! சத்தியமா ஒரு கை தூரம் தெரியலை. வீட்லேர்ந்து தெரு ஓரமா போற மஞ்சள் கேஸ் குழாயைப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்தேன். நடுவுல ஒரு மாடு. அதுவும் குழாயைப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னுச்சு.

— மாடு எப்படிங்க பிடிக்கும்?

— தூங்கு பெரிசாத், உனக்கு ஜோக் புரியாது. காத்து கொஞ்சம் கொஞ்சமா அடங்குது, சாயங்காலம் ரோடு தெரியும். நாங்க காஞ்ச கடல் தரையில நட்ட சக்சவுல் செடியெல்லாம் என்ன கதியோ. ஒவ்வொண்ணும் பெருசானா டன் கணக்குல மண்ணைப் பிடிச்சு வெச்சுக்கும், சத்தியமா. இப்ப முழங்கால் உசரம்கூட இல்லை.

— அதை விடுங்க, கோட்டுக்குள்ள என்ன? பிளாஸ்க்தானே? அப்பாடா! மூணு நாளா இந்த டீயாலதான் நான் உயிரோட இருக்கேன். ஆஸ்பத்திரி சமையல்கட்டு டீயை வாயில வெக்க முடியலை, சுடுதண்ணி மாதிரி இருக்கு. எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்துங்க, மச்சான்.

— நாலு கிண்ணத்துக்குக் கொண்டு வந்திருக்கேன். பசும்பாலு.

— ஆஹா. இதான் டீ! ஆமா, இங்க தாழ்வாரத்துல மெஷின் தண்ணிக் கெட்டில் இருக்கே, தினமும் அதுல போட்டுத்தானே கொண்டு வருவீங்க? இன்னைக்கு எதுக்கு இந்தப் புயல்ல வீட்டுக்குப் போனீங்க?

— எதுக்கா? தண்ணிக்குத்தான்.

— எந்தத் தண்ணி?

— என்னங்க, நீங்க போய் ஆட்டுக்குப் புல்லு போட்டீங்களான்னு—

— நீ சும்மா இரு, பெரிசாத். மச்சான், எந்தத் தண்ணி?

— நம்ம தெரு அடிபம்புத் தண்ணி. இங்க உள்ளது சப்புன்னு இருக்கு, பொணத்தைக் கழுவுன தண்ணி மாதிரி இருக்குன்னு அழுதா. புள்ளத்தாச்சி கேக்குறா, எப்படி இல்லைன்னு சொல்றது? முத நாள்லேர்ந்து அதுலதான் போடுறேன். குடிக்கவும் இந்தக் கேன்ல கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில... என்ன, ஏன் அப்படிப் பாக்குறே?

— அந்தக் கேனை எடுங்க. மேஜை மேல பேனா மாதிரி உப்பு அளக்கிற மீட்டர் இருக்கு, அதையும் எடுங்க. இப்பப் பாருங்க, இது மெஷின் தண்ணி. என்ன காட்டுது?

— இருநூத்தி பத்து.

— இது உங்க கேன்.

— ரெண்டாயிரத்து எழுநூறு.

— கஞ்சியில ஒரு சிட்டிகை உப்பை நான் நிறுத்துறேன், நீங்க கேன் கேனா ஊத்துறீங்க! எப்படின்னா, உப்பு போற இடத்துல தண்ணியைப் பிடிச்சு நிறுத்திக்கும். குழாய் அதே குழாய், உள்ள ஓடுறது மட்டும் கூடிப் போகும். சுவரை முட்டும். அந்த முட்டுதான் இந்த நம்பர்!

— நான்... புயலுக்குள்ள நடந்து வந்தேனே. அவளுக்காக.

— அவரைத் திட்டாதே, உல்போசின். கேட்டது நான்.

— யாரையும் திட்டலை. இது நல்ல சேதி. காரணம் தெரியாமத்தான் நான் செத்துக்கிட்டிருந்தேன். நுகுஸுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்றேன். கத்தியைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க, நல்ல தண்ணியில நாலு நாள் பாருங்கன்னு. கட்டாயம் இறங்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா இறங்க இப்ப ஒரு வழி இருக்கு.

— மூணு வாரம் கிடைக்குமா?

— கேக்குறேன். கெஞ்சுறேன். முதல்ல அந்தக் கிண்ணத்தைக் கீழ வை.

— நீ முதல்ல வை.

— என்ன?

— உன் கையில இருக்கிறதும் அதே டீதானே. இது உனக்கு எத்தனாவது கிண்ணம்? ஊர்ல உள்ள பம்பையெல்லாம் அளந்தவ நீ. மூணு நாளா குடிச்சுக்கிட்டு "இதான் டீ"ங்கிறே. உன் நாக்குக்கே தெரியலையே.

— பொறந்ததுலேர்ந்து குடிச்ச நாக்கு. பாலை ஊத்தி மறைச்சு மறைச்சு... அது எப்படின்னா...

— எப்படின்னா எல்லாம் அப்புறம். கையை நீட்டு. என்னங்க, அந்தப் பட்டையை அவ கையில சுத்துங்க. பட்டனை அமுக்குனாப் போதும்.

— எனக்கு எதுக்கு? நான் என்ன புள்ளத்தாச்சியா?

— அளக்கிறப்பப் பேசாதே, நர்ஸம்மா. இரு... என்னது இது? நூத்தி தொண்ணூத்தி நாலு. சத்தியமா அப்படித்தான் காட்டுது.

— மெஷின் கெட்டுப் போச்சு. மூணு நாளா தூங்கலை, அதனாலயும் இருக்கும். நிஜமா அவ்வளவு இருந்தா எனக்குத் தெரியாதா? கண்ணு முன்னாடி ஏதாச்சும் பறக்கும். எனக்கு ஒண்ணுமே பறக்கலை. இந்த ரூம்ல உப்பு மினுங்குறதைத் தவிர.

— ரூம்ல எதுவும் மினுங்கலடி, உல்போசின். காலையிலேர்ந்து எதுவுமே மினுங்கலை.