எண்ணாமல் விட்ட அடுப்பு

ஓடு பறக்கிறது. முதலில் ஒன்று. பிறகு வரிசையாக. ஒவ்வொன்றும் எதிர்வீட்டுச் சுவரில் மோதிச் சட்டி உடைவதுபோல் உடைகிறது. பொழுது விடிந்துவிட்டது. ஆனால் வெளிச்சம் இல்லை. மழை மேலிருந்து பெய்யவில்லை. பக்கவாட்டில் அறைகிறது. வசந்தா கத்துகிறாள்.

"அண்ணி! கட்டிலுக்கு அடியில போங்க! போங்கண்ணி!"

போனேன். அவளையும் பிடித்து இழுத்தேன். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு வலது கால் சூம்பிவிட்டது. வேகமாக நகர முடியாது. பாதி உடம்பு உள்ளே வந்தது. அதற்குள் கொல்லைத் தென்னை விழுந்தது.

மரம் முறிந்த சத்தம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். முறியவில்லை. வேரோடு வந்தது. கெட்டித் துணியைக் கையால் கிழிக்கும் சத்தம். நான் தையல்காரி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அடுத்து சுவர் சரிந்தது. "அம்மா" என்றாள் வசந்தா. ஒரே ஒரு தடவை. இடுப்புக்குக் கீழே அவளைக் காணவில்லை. மண்ணும் செங்கல்லும்தான் இருந்தன.

நாங்கள் இரண்டு பேர்தான் அந்த வீட்டில். வசந்தா என் நாத்தனார். கல்யாணம் ஆகாதவள். அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், மாரடைப்பில் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நான் தைப்பேன். அவள் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், என்னைக் கேலி செய்வாள். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில் கடைசி வீடு எங்களுடையது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். கார்த்திகை மாதம். சம்பா நட்டு நன்றாகத் தூர் கட்டியிருந்தது.

புயல் வரும் என்பது தெரியும். தெரியாமல் சாகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆவணியிலேயே பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கோயில் இளைஞர் மன்றம், சர்ச் நிவாரணக் குழு, விவசாயிகள் சங்கம். மூன்றும் ஒன்றாக உட்கார்ந்தது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. போன புயலில் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி, ஒரே தெருவுக்கு மூன்று சோற்றுப் பொட்டலம், அடுத்த தெருவுக்கு ஒன்றுமில்லை என்று ஆகியிருந்தது. இந்தத் தடவை வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்களைக் கூட்டி வருவது மன்றம். சமையல் சர்ச். டிராக்டரும் மரம் அறுக்கும் மெஷினும் சங்கம். எல்லோருக்கும் ஒரே கணக்கு. நல்ல ஏற்பாடு. நானும் கை தட்டினேன்.

அந்த ஒரே கணக்கு, தலைக்கட்டுக் கணக்கு. திருவிழா வரி வாங்க ஊரில் காலங்காலமாக இருப்பது. கல்யாணமான ஆண் இருந்தால் அது ஒரு தலைக்கட்டு. அவன் செத்தால் தலைக்கட்டும் செத்தது. என் வீட்டுக்காரர் செத்த வருஷமே ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். "உங்களுக்கு வரி வேணாம்மா. பொம்பளைங்க ரெண்டு பேரும் என்னத்த குடுப்பீங்க?" இரக்கப்பட்டுத்தான் சொன்னார்கள். நாசமாய்ப் போன இரக்கம்.

கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னார்கள். "யாரும் நடந்து வராதீங்க. வண்டி வாசலுக்கே வரும்." நாங்கள் நம்பினோம். முதல் நாள் சாயங்காலமே பையைக் கட்டி வைத்தோம். ரேஷன் கார்டு, இரண்டு புடவை, வசந்தாவின் மாத்திரை. டிராக்டர் வந்தது. டிரெய்லரில் ஆட்கள் பேசும் சத்தம். பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏறினார்கள். பிறகு கியர் மாறும் சத்தம். ரிவர்ஸில் போனது.

"அடுத்த நடைக்கு வருவாங்க அண்ணி" என்றாள் வசந்தா. இருட்டிக் காற்று வலுக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். பை மடியில் இருந்தது.

இப்போது காற்று நிற்கிறது. புயலின் நடுவில் அப்படி நிற்கும். காது அடைத்துக்கொள்கிறது. கூரை இல்லை. வானம் சாம்பல் நிறம். நான் செங்கல்லை எடுக்கிறேன். எடுக்க எடுக்க மேலே இருப்பது சரிகிறது. தென்னையை நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்?

அப்போது பள்ளிக்கூடத்து மைக் பேசியது. பேட்டரியில் ஓடும் மைக். கரகரப்பு. பிறகு மன்றத் தலைவர் செந்திலின் குரல்.

"ஊர்ல எல்லாத் தலைக்கட்டும் வந்தாச்சு. எல்லாரும் பத்திரமா இருக்காங்க. காத்து திரும்பவும் அடிக்கும். யாரும் வெளிய போகாதீங்க!"

வசந்தா கண்ணைத் திறந்தாள். சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள்.

"நம்மளும் பத்திரமா இருக்கமாம் அண்ணி."

எழுந்து ஓடினேன். வாய்க்கால் கரை வரை. பாலத்தைத் தண்ணீர் மூடியிருந்தது. நின்று கத்தினேன். "செந்திலு! நாங்க இருக்கோம்! ஆளு மாட்டிக்கிச்சு!" மைக் மறுபடியும் அதையே சொன்னது. என் தொண்டையைவிட அதற்குச் சத்தம் அதிகம். பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. காற்று திரும்பியது. இந்தத் தடவை தெற்கிலிருந்து. நான் தவழ்ந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காற்று ஊளையிட்டது. தகரம் ஒன்று எங்கோ தரையில் இழுபட்டுக்கொண்டே இருந்தது. கை சூடாக இருந்தது. பிறகு இல்லை. எப்போது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அழுகை வரவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

காற்று ஓய்ந்ததும் முதலில் வந்தது ஸ்டெல்லா அக்கா. சர்ச் குழுவில் சமையலைப் பார்த்தவர். கிறிஸ்துமஸுக்கு ஜாக்கெட் தைக்க வருஷா வருஷம் எங்களிடம் வருபவர். இடுப்பளவுத் தண்ணீரில் பாலத்தைத் தாண்டி வந்திருந்தார். என்னைப் பார்த்தார். வசந்தாவைப் பார்த்தார்.

"கேட்டேன்டி. வசந்தாவ காணோமேன்னு ராத்திரியே கேட்டேன். தலைக்கட்டு பூரா வந்தாச்சுக்கான்னு சொன்னாங்க. கணக்கு சரியா இருக்குன்னு விட்டுட்டேன்டி."

அதுதான் விஷயம். தனித்தனியாக ஓடியிருந்தால் அவர் வந்திருப்பார். சேர்ந்து வேலை செய்தார்கள். ஒரே தப்பை மூன்று குழுவும் நம்பியது.

செந்தில் வந்தான். சங்கத்து ஆட்கள் மரத்தை அறுத்தார்கள். அந்த மெஷின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. செந்தில் தன் கையாலேயே செங்கல்லை எடுத்தான். நகம் பெயர்ந்தது. நிறுத்தவில்லை. "கணக்கு சரியா இருந்துச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டே எடுத்தான். நான் அவனைத் திட்டவில்லை. திட்ட வாய் வரவில்லை.

சுடுகாட்டில் விறகு நனைந்து கிடந்தது. சங்கம் டீசல் கொண்டுவந்தது. கொள்ளி வைக்க ஆண் வேண்டும் என்று யாரோ தேடினார்கள். சாகும்போது தேடவில்லை. கொள்ளி வைக்க மட்டும் தேடுகிறார்கள். நானே வைத்தேன். யாரும் தடுக்கவில்லை.

பிறகு நிவாரணம் வந்தது. வெளியூர்களிலிருந்து அரிசி, தார்ப்பாய், பாய். ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் செத்த மாடுகளைப் புதைக்க உதவினார்கள். பள்ளிக்கூடத்தில் பொருளை அடுக்கி, செந்தில் மறுபடியும் தலைக்கட்டு வாரியாகக் கூப்பிட ஆரம்பித்தான். பழக்கம். நான் எழுந்தேன். அன்றைக்குத்தான் வாய் வந்தது.

"அடப்பாவிகளா! இன்னும் தலையவா எண்ணுறீங்க? அடுப்ப எண்ணுங்கடா! எந்த வீட்டுல உலை வைக்கிறாங்களோ அங்க ஆளு இருக்கு!"

செந்தில் உட்கார்ந்துவிட்டான். ஸ்டெல்லா அக்காதான் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "வா, போய் எண்ணுவோம்" என்றார். அன்று மூன்று குழுவிலும் ஆளுக்கு ஒருவர் எங்களோடு வந்தார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகள், சூளைக்கு வேலைக்கு வந்து குடிசை போட்டவர்கள், மகன் வெளிநாடு போனதும் தலைக்கட்டிலிருந்து பெயர் விடுபட்டுத் தனியாகக் கிடக்கும் கிழவர். தலைக்கட்டில் இல்லாத அடுப்புகள் அத்தனை இருந்தன. அவர்கள் எல்லாம் எப்படியோ பிழைத்திருந்தார்கள். அதிர்ஷ்டம்தான், வேறென்ன.

இப்போது ஒவ்வொரு ஆவணியிலும் அடுப்பு எண்ணப் போகிறோம். ஒரு குழு எண்ணியதை இன்னொரு குழு நம்பாமல் மறுபடி எண்ண வேண்டும். அது என் நிபந்தனை. முணுமுணுப்பார்கள். எண்ணுவார்கள்.

அன்று மைக்கில் சொன்னதை யாரும் மைக்கில் திருத்தவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் போனவை. கொல்லையில் நின்ற தென்னை எல்லாம். கூரை. மேற்குச் சுவர். தையல் மெஷின். புயல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் கொடுக்க வேண்டிய யூனிஃபார்ம் துணி. வசந்தா.

இந்த ஆவணியிலும் கடைசி வீடு என் வீடுதான். வாசலில் நின்று செந்தில் கேட்டான். அவனுக்குத் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும், அதுதான் முறை. நான் சொன்னேன். அடுப்பு ஒன்று. ஆள் ஒன்று.