நானூற்றைம்பது ரூபாய் இரட்டைக்குழல்

துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அது சரியில்லை. முதலில் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னத்தைச் சாய்த்து, குழல் நுனி கண்ணுக்குத் தானாக வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை கடைசியில் வரட்டும். நான் பதினொரு மாதம் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமான பதினொரு மாதங்கள் எனக்கு வேறு அமைந்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

உட்காரச் சொன்னதற்கும் தேநீருக்கும் நன்றி. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் மரியநாயகம். றொசல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். போன மாதம் பன்றி வேட்டையில், வேலையாட்களைக் கண்காணிக்கும் வீரய்யா கங்காணி என் துப்பாக்கியால் செத்துப்போனார். மரண விசாரணையில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஆனால் துப்பாக்கியிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் ஒழுங்காக வரும்.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு மூன்று துப்பாக்கிகள் என் யோசனையில் இருந்தன. ஹட்டன் கடையில் ஒரு காற்றுத்துப்பாக்கி, அறுபது ரூபாய். புறாவுக்குப் போதும், பன்றியைச் சுட்டால் யாரோ முதுகு சொறிந்துவிட்டதாக நினைக்கும். அதே கடையில் ஓர் ஒற்றைக்குழல், நூற்றெண்பது. குறை சொல்ல முடியாத சாமான். ஆனால் ஒன்று சுட்டு, திறந்து, வெறுங்கூட்டை எடுத்து, அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் பன்றி நோட்டன் பிரிட்ஜ் போய்ச் சேர்ந்துவிடும். மூன்றாவது, சீமைக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த எங்கள் துரையின் இரட்டைக்குழல். எண்ணெய் ஊறிக் கறுத்த மரப்பிடி. தோளில் வைத்தேன். அது எனக்காகவே செய்ததுபோல உட்கார்ந்தது. நானூற்றைம்பது என்றார்.

“நானூத்தம்பதா?” என்றாள் என் மனைவி றோசலின். “ஒரு தையல் மெஷினும் வாங்கி ஒரு பசுமாடும் வாங்கலாங்க.”

“பசுமாட்டைத் தோள்ல வச்சுப் பார்க்க முடியுமா?” என்றேன். அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

முப்பது வருடம் வைத்துக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது சதம்கூட ஆகவில்லை என்று அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அரசாங்கக் கச்சேரிக்கு மூன்று முறை போய் லைசென்ஸும் எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் வேட்டை எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலையில், வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் ஆட்கள் வரிசையாகக் காட்டுக்குள் இறங்கி, சத்தம் போட்டுப் பன்றியைக் கீழே விரட்டுவார்கள். துப்பாக்கிக்காரர்கள் தேயிலையோரம் நிற்பார்கள். மூக்கன் தப்பு மேளம் அடித்துக்கொண்டே ஆட்களோடு வருவான். தினமும் விடியற்காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுகிற அதே மேளம்தான். அடி விட்டுவிட்டு விழுந்தால் ஆட்கள் இன்னும் உள்ளே தூரத்தில் இருக்கிறார்கள், சுடலாம். அடி விடாமல் சேர்ந்து விழுந்தால் ஆட்கள் காட்டோரத்துக்கு வந்துவிட்டார்கள். உடனே துப்பாக்கியை மடக்கித் திறந்துவிட வேண்டும்.

முதல் ஏழு ஞாயிறும் எனக்கு ஒன்றும் விழவில்லை. பக்கத்தில் நின்ற வீரய்யா, தோட்டத்துக்குச் சொந்தமான, பிடியைக் கம்பி சுற்றிக் கட்டிய பழைய ஒற்றைக்குழலால் ஐந்து பன்றிகளை விழுத்தினார்.

“ஐயா துப்பாக்கி பன்னிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க,” என்பார். “வெடி கேட்டாலும் நின்னு திரும்பிப் பார்த்துட்டுத்தான் போவுது.”

“சும்மா இருங்க கங்காணி,” என்பாள் இறைச்சிக்குக் கூடை கொண்டுவந்த ராக்காயி. “ஐயா பன்னிக்கு வழி காட்டுறாரு. அது ஒரு புண்ணியந்தானே?”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடி என்றால் சிரிக்கத்தான் வேண்டும். இறைச்சியை லயத்துக்குப் பங்கு போட்டபின், சுட்டவருக்கு உரிய தொடையை வீரய்யா ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். றோசலின் மிளகு போட்டு நன்றாகச் சமைப்பாள்.

எட்டாவது ஞாயிறு அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “ஒரு வாட்டி நம்ம கையில குடுத்துப் பார்க்கலாங்களா ஐயா?” என்று கேட்டார். கொடுத்தேன். இரண்டு குழல், இரண்டு பன்றி. தலைத்துண்டை அவிழ்த்துத் துப்பாக்கியைத் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

“துப்பாக்கி மேல ஒரு கொறையும் இல்லீங்க ஐயா.”

அவர் குத்திக்காட்டவில்லை. நல்ல மனிதர். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் கையில் இருந்தால் அது நானூற்றைம்பதும் பெறும். என் கையில் காற்றுத்துப்பாக்கி அளவுகூடப் பெறாது. ஒரே பொருளுக்கு இரண்டு மதிப்பு இருந்தால் எந்தக் கிளாக்கரும் விட்டுவைக்கமாட்டான். விற்கலாம்; ஆனால் அதை வாங்க வீரய்யாதான் வருவார். பழகலாம். ஆகவே பழகினேன். ஐந்து மாதம், ஆற்றுப்பக்கம் யாரும் வராத இடத்தில், கல் மேல் பால் டின்களை வைத்து. கடைசியில் நாற்பது யார் தூரத்தில் ஒன்றும் தப்பவில்லை. அந்த நாட்களில் பாட்டுப் பாடிக்கொண்டே ஒபீசுக்குப் போவேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. நான் பன்றி சுட்டால் முதலில் கை தட்டப்போவது வீரய்யாதான். ‘ஐயாவுக்குக் கை படிஞ்சிருச்சி’ என்று லயம் முழுக்கச் சொல்லுவார். எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், சின்னப்பிள்ளை நடக்கத் தொடங்கினால் சந்தோஷப்படுவார்களே, அப்படி. அவர் இருக்கிறவரைக்கும் என் துப்பாக்கியின் மதிப்பைச் சொல்லுகிறவர் அவராகத்தான் இருப்பார். நிதானமாகப் பார்த்தால் இதற்கு ஒரு வழிதான் இருந்தது.

அந்த ஞாயிறு அவராகவே என்னிடம் வந்தார்.

“இன்னைக்கு ஐயா மட்டும் நில்லுங்க. நான் உள்ள போயி, பன்னிய நேரா உங்க காலடிக்கே ஓட்டிவிடுறேன். ஐயா சுட்ட பன்னித் தொடைய இன்னைக்கு நான் திங்கணும்.”

சொன்னபடியே செய்தார். ஒரு பெரிய ஒற்றைப்பன்றி என் முன்னால் பத்து யாரில் ஓடியது. அதைப் போகவிட்டேன். மேளம் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. பிறகு சேர்ந்து விழத் தொடங்கியது. வீரய்யாதான் முதலில், சரியாக நாற்பது யார் தூரத்தில், புதரை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கெடைச்சுதுங்களா?” என்று சிரித்தார். நான் கன்னத்தைச் சாய்த்தேன்.

விசாரணையில் என்னைக் காப்பாற்றியது மூக்கன். “ஐயாமாருக்கு எங்க மேளம் வெளங்காதுங்க. அவுங்க பங்களாவுல பொறந்தவுங்க,” என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார்கள். உண்மையில் நான் பிறந்தது வேறொரு தோட்டத்து லயத்தில், ஆறாம் காம்பிரா அறையில். அப்பா பதினாறு வருடம் அந்த மேளத்துக்கு எழும்பிப் போனார். அதன் ஒவ்வோர் அடியும் எனக்குத் தெரியும். இதை றோசலினிடம்கூடச் சொன்னதில்லை. ஆகவே நான் கேட்டேன், விளங்கியது, சுட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விபத்து என்றே முடிந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீரய்யாவின் மனைவி மீனம்மா என் வீட்டு வாசலுக்கு வந்து, அழுதுகொண்டே எனக்கு ஆறுதல் சொன்னாள். “ஐயா மேல எனக்குக் கோவம் இல்லீங்க. குறி பார்க்கத் தெரியாத மனுசன் கையில அதக் குடுத்துட்டுப் போனாரே, அந்தத் தொரைய சொல்லணும்.” ராக்காயி பின்னால் நின்று, “பாவம் ஐயா,” என்றாள். இப்போது என்னைக் கண்டால் லயமே பாவம் என்கிறது. மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று மனச்சாட்சி உறுத்தியது. அதற்காகத்தான் காலை பஸ்ஸைப் பிடித்து வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. வழக்கு எப்படிப் போனாலும் எனக்குச் சம்மதம், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றே ஒன்று. விசாரணை அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், ‘பன்றிக்கு வைத்த குறி தவறி’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் என் கண் முன்னால் அடித்துவிடுங்கள். நாற்பது யார், ஒரே தோட்டா என்று மேலே எழுதுங்கள்.