எனக்கு நல்லாத்தான் ஓடுது

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை, டாக்டர். நாங்கள் ஜைனர்கள், செஞ்சிப் பக்கத்துப் பழைய குடும்பம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். அதனால் மற்ற வீடுகளைவிட எங்கள் வீட்டு மாலைகள் நீளம். கடையை மூடிவிட்டு வந்த புருஷனும் பள்ளிக்கூடம் விட்டு வந்த மனைவியும் அவ்வளவு பெரிய மாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வைத்தேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

எப்போதிலிருந்து இப்படித் தெரிகிறது என்று கேட்டீர்கள். சொட்டு மருந்து வேலை செய்யக் கொஞ்ச நேரமாகும் என்றும் சொன்னீர்கள். அதற்குள் சொல்லிவிடுகிறேன். "எதையும் மறைக்காம மொதல்லேர்ந்து சொல்லுங்க, அப்பத்தான் சரியாவும்" என்று சன்மதியும் சொல்லிவிட்டுத்தான் போனாள். சன்மதி என் மனைவி, வெளியே பெஞ்சில் இருக்கிறாள். மேஜையில் கிடப்பது அவளுடைய போன்தான். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனவள் போனை மறந்துவிட்டாள். பாவம், நிறையக் கவலை அவளுக்கு.

திண்டிவனத்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "கேம் நின்னு நின்னு ஓடுது சார்" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். ஃபேனில் தூசி பஞ்சு பஞ்சாக அடைத்திருக்கும். இல்லையென்றால் ஆசையாசையாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, மானிட்டர் ஒயரை மட்டும் பழைய ஓட்டையிலேயே சொருகி வைத்திருப்பார்கள். ஒயரை மாற்றிச் சொருகிவிட்டுப் பெரிய ஆபரேஷன் செய்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பேன். ஒருமுறை ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்புக் கூட்டம். வேறு யாராயிருந்தாலும் ஊதித் தள்ளியிருப்பார்கள். நான் வெளியே கொஞ்சம் சர்க்கரை வைத்து, கடைசி எறும்பு இறங்குகிறவரை பெட்டியைத் தொடவில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரர், "ஜல்தியா முடிங்க சார், பேஜாரா போச்சு" என்று புலம்பினார். புலம்பட்டும் என்று விட்டுவிட்டேன். ஓர் உயிரை வதைப்பது என்னால் ஆகாது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சன்மதிக்கு விளையாடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம், சுடுகிற விளையாட்டு. அவள் அனந்தபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறவரின் மகள், மயிலம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதலில் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த மாதம் முடிவதற்குள் என்னைச் சுவர் ஓரமாக வைத்துச் சுட்டாள். எவன் எந்த மூலையில் எப்போது தலையை நீட்டுவான் என்று மனக்கணக்காகவே போட்டு வைத்திருந்தாள். கொசுவர்த்திகூட ஏற்றாத வீட்டில் ஒரு சாயங்காலத்துக்குள் அவள் சாய்த்த ஆட்களைக் கணக்குப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். மனத்தால் செய்தாலும் கொலை கொலைதானே? அவளுடைய வினைக் கணக்கைப் பற்றியும் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

அவள் ஆடுவதை நெட்டில் ஆட்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைக்கு வருகிற காலேஜ் பசங்கள் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே, "சன்மதி அக்கா வூட்டுக்காரர் நீங்கதானா சார்?" என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். கடைக்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறேன், பெரிய எழுத்தில், விளக்குப் போட்டு.

பிறகு சென்னையிலிருந்து புனிதா என்று ஒரு பெண் பேசினாள். பெண்கள் மட்டும் ஆடுகிற ஓர் அணிக்கு அவள் தலைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே ஆடிக் காட்டினால் போதும், பிடித்துவிட்டால் அணியில் இடம். முதலில் சனி, ஞாயிறு மட்டும் சென்னைக்கு வர வேண்டும், பிறகு அங்கேயே சம்பளத்தோடு வேலை. சன்மதி போனை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். "நீங்க மட்டும் இந்தப் பெட்டிய வாங்கி வெக்கலன்னா எனக்கு இது கெடச்சிருக்குமா?" என்றாள். நானும் சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். ஆனால் பொழுதோடு சாப்பிட்டுவிட்டு, அவ்வளவு நீளமான மாலையில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருப்பதாக ஒரு படம் மனத்தில் வந்துவிட்டது. அது போகவே இல்லை.

எங்கள் பெட்டியில் அவள் பெயரில் ஒரு கணக்கு, என் பெயரில் ஒரு கணக்கு. அவரவர் பெயரில் திறந்துதான் ஆடுவோம். அவள் பெயரில் திறந்தால் மட்டும், திரைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை ஓடுகிற மாதிரி செய்து வைத்தேன். உபயோகமில்லாத வேலைதான். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், திடீரென்று பிராசஸரின் பலத்தையெல்லாம் உறிஞ்சும், மறுபடி சும்மா இருக்கும். அது உறிஞ்சுகிற கணத்தில் படம் விக்கி நின்றுவிடும். எதிரி தலையை நீட்டுகிற அதே நேரத்தில் நின்றால் போதும். சொந்தப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வேலை சுத்தமாக இருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. திரும்பறப்ப படம் நின்னு நின்னு போவுது" என்றாள். நான் போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்கே தெரிகிற மாதிரி விக்கியது. "எனக்கு நல்லாத்தான் ஓடுது" என்றேன்.

ஆனாலும் அவள் திருப்திக்காகப் பெட்டியைத் திறந்தேன். தூசி தட்டினேன். பிராசஸர் சூடேறாமலிருக்கத் தடவுகிற பசையை மாற்றினேன், கிராபிக்ஸ் டிரைவரை அழித்து மறுபடி போட்டேன், மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஒவ்வொன்றும் என்ன, எதற்கு என்று கேட்டுக்கொண்டே. நானும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து பேசியதில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் என் பெயரில் திறந்து ஆடிக் காட்டுவேன். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகும். அவள் பெயரில் திறந்ததும் விக்கும். "பெட்டி ஒண்ணு, வெளையாட்டு ஒண்ணு. என் கைக்கு ஓடறது உன் கைக்கு ஏன் ஓடல?" என்று ரொம்ப மென்மையாகத்தான் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தோற்றாள். ஆட ஆட, முழுவதும் விக்கியது. புனிதா ஒன்றும் திட்டவில்லை, "பரவால்லக்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். சன்மதி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அன்று அவளுக்காகக் கேப்பைக் கூழ் காய்ச்சினேன். அவள் குடிக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் அவள் அடுத்த தடவைக்குத் தயாராக ஆரம்பித்தாள். அதனால்தான் உங்களிடம் அழைத்து வந்தேன். ஞாபகமிருக்கிறதா? கண் நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று என்னிடம் சொன்னீர்கள். இங்கே உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். வெளியே போய் அவளிடம் உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பொய் சொன்னேன். "கண்ணுக்குப் போற நரம்பு தளர்ந்துக்கினு வருதாம். உன்கிட்ட சொல்லிப் பயமுறுத்த வேணாம்னாரு டாக்டரு" என்றேன். வாழ்க்கையில் நான் பொய் சொல்வது அபூர்வம்.

கண்ணுக்குக் கேரட் நல்லது என்பார்கள், மண்ணுக்குள் விளைவதை நாங்கள் சேர்ப்பதில்லை. அதனால் தினம் பொன்னாங்கண்ணிக் கீரை. முகம் சுளிக்கச் சுளிக்க நானே ஊட்டிவிட்டேன். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மயிலம் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டலாமா? சாவியை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நாள் நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். கரும்பலகையில் எழுதினால் எண்கள் தடுமாறுகின்றன என்று அவளே வேலையை விட்டுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற பஸ்கள் எங்கள் தெரு முனையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். "பஸ்ஸு போறதுகூட எனக்கு நின்னு நின்னு போவுதுங்க. எனக்குப் பைத்தியம் புடிச்சிக்கினு வருதா?" என்று கேட்டாள். பஸ்ஸில் நான் ஒன்றும் செய்து வைக்கவில்லை, டாக்டர். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க மட்டும் என்னை வுட்டுடாதீங்க" என்றாள். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சன்மதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போனில் புனிதாவின் குரல் எதையோ படிப்படியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் திரையை மூடினாள். "சும்மா, கல்யாணப் போட்டோவ பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், முதல்முறையாகப் பார்ப்பவள் போல. பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டாள். கல்யாண நாள் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

அன்றிலிருந்து விக்குகிறது என்ற பேச்சே இல்லை. சரி, குணமாகிவிட்டாள், இனி அது எதற்கு என்று, நான் வைத்ததை எடுத்துவிடப் போனேன். அங்கே அது இல்லை. எப்போதோ நானே எடுத்துவிட்டு மறந்திருக்கிறேன்.

என் வியாதி ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். கேட்டீர்களே, அப்போதிலிருந்துதான். என் பெயரில் திறந்து ஆடினால் படம் விக்குகிறது. சன்மதியைக் கூப்பிட்டேன். பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு நல்லாத்தான் ஓடுதுங்க" என்றாள். தன் பெயரில் திறந்து ஆடியும் காட்டினாள். வெண்ணெய்தான். தூசி தட்டினேன், பசை மாற்றினேன், டிரைவர் போட்டேன். இந்தத் தடவை அவள் டார்ச் பிடிக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. என் கணக்கில் யாராவது ஏதாவது வைத்திருப்பார்களோ என்று நீங்கள் கேட்கலாம். நான் தேடவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், அதில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவள் என்னைத் தாங்குகிற தாங்கு இருக்கிறதே! தினம் பொன்னாங்கண்ணி. வேண்டாம் என்றால் வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டிவிடுகிறாள். ஸ்கூட்டர் சாவி அவளிடம். மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள், என் வைத்தியச் செலவுக்காகத்தான் இருக்கும். சனி, ஞாயிறு சென்னைக்குப் போய் வருகிறாள். எதற்கு என்று கேட்டேன். "உங்க கண்ணுக்காக வேண்டிக்கினு வர்றேன்" என்றாள். புனிதாவும் கூடப் போகிறாளாம். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கோ கடையில் உட்கார முடியவில்லை. சின்னத் திருகாணியை எடுத்தால் விரல் தவறுகிறது. இன்று திண்டிவனத்திலிருந்து அவள் பின்னால் உட்கார்ந்துதான் வந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் நின்று நின்று நகர்ந்தன. அவை நின்றனவா, என் கண் நிறுத்தியதா என்று தெரியாமல் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விழுப்புரம் வருகிறவரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கண்ணும் நன்றாக இருக்கிறது என்றுதான் நீங்கள் சொல்லப் போகிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இத்தனையும் சொன்னேன். அவளுக்கு வந்தது நான் செய்து வைத்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வந்திருப்பது நிஜமான வியாதி. இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிடாதீர்கள். நல்ல மருந்தாக எழுதிக் கொடுங்கள்.

அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டாள். கூப்பிடுங்கள், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். மாடிப்படி இறங்க எனக்குப் பயமாக இருக்கிறது, அவள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். போனையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏதோ பாட்டைப் போட்டுவிட்டு அணைக்காமல் போயிருக்கிறாள், எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அது உங்களுக்கு நிலையாகத் தெரிகிறதா, டாக்டர்? எனக்கு விட்டு விட்டுத்தான் எரிகிறது.